நால்வர் வாத்தியமும் நான்கு ஊர்களும்

கனடாவில் வாழும் மூதூர்ப் பக்கத்து நண்பர்கள் சிலர் ஒரு யோசனையை எழுதியனுப்பியிருந்தார்கள். அவர்களுக்குப் பழக்கமான மேற்கத்தேய இசைக் கலைஞர்கள் நால்வர் இலங்கைக்கு வர விரும்புகிறார்களாம். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நான்கு நரம்புக் கருவிகள் மட்டும் சேர்ந்த குழு அது. ஆங்கிலத்தில் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்பார்கள். கொழும்பிலும் கண்டியிலும் வாசித்துவிட்டு விமானம் ஏறிவிடாமல், போர் கடந்துபோன ஒரு சிற்றூரிலும் வாசிக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. நண்பர்கள் தோப்பூரைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். 'பந்தல், மேடை, ஒலிபெருக்கி, வருகின்றவர்களுக்குச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் எவ்வளவு ஆகும்? உள்ளூர்ப் பிரமுகர்களில் யார் யாரை அழைக்க வேண்டும்?' என்று கேட்டிருந்தார்கள்.

நல்லெண்ணத்தோடு கேட்கப்பட்ட கேள்வி. ஆனாலும் பந்தலும் வேண்டாம், மேடையும் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம் என்று பதில் எழுதினேன். இந்த இசையின் இயல்பைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது, தோப்பூரின் நிலைமையைப் பார்த்தாலும் அப்படித்தான். கடிதத்தில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். வெளிநாடுகளில் இருந்தபடி ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

இந்த நால்வர் இசை எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒஸ்திரியாவில் 1750களின் பிற்பகுதி. வைன்சியர்ல் என்ற இடத்தில் ஃபூர்ன்பெர்க் என்றொரு பிரபுவின் மாளிகை. அவருக்கு இசையில் ஆசை. ஆனால் பெரிய வாத்தியக் குழுவை வைத்துக்கொள்ளும் வசதி அங்கே இல்லை. கைக்கு எட்டியவர்கள் நான்கு பேர். ஊர்ப் பாதிரியார், பண்ணையின் மேலாளர், செல்லோ வாசிக்கத் தெரிந்த ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்பவர், பிறகு ஜோசஃப் ஹேடன் என்ற இளைஞர். இந்த நான்கு பேருக்கும் ஏற்ற மாதிரி ஏதாவது எழுதிக் கொடு என்று பிரபு ஹேடனிடம் கேட்டார். ஹேடனின் வாழ்க்கையை முதலில் எழுதியவர்களுள் ஒருவரான கிரீசிங்கர் தரும் செய்தி இது. பின்னாளில் உலகின் பெரிய அரங்குகளையெல்லாம் அடைந்த ஒரு வடிவம், நாட்டுப்புறத்து வீடொன்றில், அங்கே இருந்தவர்களை வைத்துக்கொண்டு தொடங்கியது. ஹேடன் தம் வாழ்நாளில் அப்படி அறுபத்தெட்டு ஆக்கங்களை எழுதி முடித்தார்.

தொடக்கத்தில் முதல் வயலினே தலைவர், மற்ற மூவரும் பக்கவாத்தியம் என்ற நிலைதான் பெரும்பாலும் இருந்தது. 1772இல் ஹேடன் எழுதிய ஆறு ஆக்கங்களில் அது மாறத் தொடங்கிற்று. நான்கு கருவிகளும் ஏறத்தாழ சமமான உரிமையோடு பேச ஆரம்பித்தன. தாளம் காட்டும் நடத்துநர் கிடையாது. ஒருவர் மூச்சை இழுக்கும் விதத்தையும், வில்லைத் தூக்கும் விதத்தையும் பார்த்துத்தான் மற்றவர்கள் தொடங்குகிறார்கள். ஒருவர் ஒரு சொல்லைச் சொல்ல, மற்றவர் அதை எடுத்துத் திருப்பிக் கேட்க, மூன்றாமவர் மறுக்க, நான்காமவர் கீழே நின்று தாங்க என்று போகும். நம்முடைய கச்சேரியில் பாடுகிறவருக்கு முதலிடமும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் துணையிடமும் உண்டு. அதற்கென்று ஒரு தனியழகும் உண்டு. இங்கே அழகு வேறு. நால்வரில் ஒருவர் எழுந்து போனால் எஞ்சிய மூவரின் இசைக்கும் பொருள் போய்விடும்.

இவ்வகை இசைக்குச் சேம்பர் மியூசிக், அதாவது அறை இசை என்று பெயர். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. ஓர் அறைக்குள், ஐம்பது அறுபது பேர் அருகில் அமர்ந்து, வில் நரம்பில் உராயும் ஓசை வரை கேட்க வேண்டிய இசை இது. மைதானத்தில் பந்தல் போட்டு, ஜெனரேட்டர் ஒருபுறம் உறும, நான்கு ஒலிவாங்கிகளை முன்னால் நிறுத்தினால், கேட்பது வேறொன்றாக இருக்கும். வயோலாவின் தணிந்த குரலும் இரண்டாம் வயலினின் இடைக்குரலும்தான் முதலில் காணாமற்போகும். தோப்பூரின் ஒரு வகுப்பறை, சன்னல்களைத் திறந்துவிட்டால், இந்த இசைக்குப் போதும். வைன்சியர்ல் மாளிகை அறையைவிட அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

'நம்முடைய சனங்களுக்கு இது புரியுமா?' என்று நண்பர்களில் ஒருவர் கேட்டிருந்தார். புலம்பெயர்ந்தவர்களுக்கு ஊரைப் பற்றி ஓர் உருக்கமான குறைமதிப்பு உண்டு. தமிழ்க் காதுக்கு வயலின் புதிதன்று. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுவும் ஐரோப்பியரின் இக்கருவியை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று அது இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. நான்கு பகுதியாகப் பிரிந்து ஒன்றோடொன்று உரையாடும் வயலின்களும் நமக்குப் புதியன அல்ல. மூதூர் பேருந்தில் ஏறுகிறவர்கள் இளையராஜாவின் பாடல்களில் அதைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டபடிதான் பயணம் செய்கிறார்கள். 1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கியவர் அவர். பெயர் தெரியாமல் கேட்டார்களே தவிர, கேட்காமல் இல்லை.

கிழக்கு மாகாணத்துக்கு நரம்புக் கருவியோடு உள்ள உறவும் சிறிதன்று. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், திருகோணமலையில் இந்துக் கல்லூரியை வளர்த்தவர். சங்க நூல்களில் மட்டும் எஞ்சியிருந்த யாழை, கணக்கும் இலக்கியமும் துணையாகக் கொண்டு மீட்டெடுக்கத் தம் வாழ்வின் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அத்தகைய மனிதர் உலவிய மாவட்டத்துக்கு நரம்பிசையைக் 'கொண்டுவருகிறோம்' என்று சொல்லும்போது சற்றே அடக்கமாகச் சொல்வது நல்லது.

இந்தத் தீவின் இன்னொரு மனிதரையும் நினைவுபடுத்த வேண்டும். 2024இல் மறைந்த ரொஹான் டி சேரம். 1939இல் இங்கிலாந்தில் பிறந்து இலங்கையில் வளர்ந்த செல்லோ கலைஞர். காஸ்பர் கசடோவிடமும் பப்லோ கசல்ஸிடமும் பயின்றவர். லண்டனின் ஆர்டிட்டி குவார்ட்டெட்டில் 2005 வரை கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாசித்தார். நவீன இசையில் அந்தக் குழுவுக்கு இணையானவை மிகச் சில. ஆனால் அவர் சிறுவயதில் கண்டிய மேளமான கெட்ட பெரயவையும் கற்றிருந்தார்; அதை விடவும் இல்லை. அவருடைய தாயார் மிரியம், உயர்குடிப் பெண்கள் கண்டிய நடனம் ஆடுவதை நினைத்தும் பாராத காலத்தில் மேடையேறி ஆடியவர். இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ 2002இல் தனிச் செல்லோவுக்கென எழுதிய 'செகுவென்சா 14' ரொஹானுக்காகவே எழுதப்பட்டது. அதில் செல்லோவின் மரவுடல் கைகளால் தட்டப்படுகிறது. கண்டிய மேளத்தின் தாளக்கட்டு ஐரோப்பிய மேடையில் ஒலிக்கிறது. ஒரு கலைஞர் வெளியூருக்குத் தம் இசையை எடுத்துச் செல்வது ஒரு வகை. இரண்டு இசைகளைத் தம் உடம்பில் ஒருங்கே வைத்திருப்பது வேறு வகை. இரண்டாவதுதான் நீடிக்கிறது.

இனி ஊருக்கு வருவோம். தோப்பூரை வரைபடத்தில் பார்த்தால் அது ஏன் பொருத்தமான இடம் என்பது விளங்கும். மூதூர் பிரதேச செயலகப் பிரிவுக்குட்பட்ட முஸ்லிம் ஊர் அது. ஒருபுறம் கிளிவெட்டி, தமிழ் ஊர். தெற்கே சேருநுவரப் பக்கம் சிங்களக் குடியேற்றங்கள், புகழ்பெற்ற விகாரை. வடகிழக்கே கடலோரத்தில் சம்பூர், மீண்டும் தமிழ் ஊர். நான்கு ஊர்களிலிருந்தும் நெல் வயல்கள்தான் கண்ணுக்குத் தெரியும். வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு இனம் கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீரே போருக்குக் காரணமானதும் இந்த மண்ணில்தான். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதும், அதைத் தொடர்ந்து இறுதிக்கட்டப் போர் மூண்டதும் உலகத் தமிழர் அனைவரும் அறிந்ததே. அந்த ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய் நோக்கி நடந்தார்கள். 4ஆம் திகதி மூதூரில் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் பதினேழு பேர் கொல்லப்பட்டார்கள். சம்பூர் மக்கள் வெளியேறிப் பத்தாண்டுகளை முகாம்களில் கழித்த பிறகே தம் மண்ணுக்குத் திரும்ப முடிந்தது.

இன்று வீதிகள் நன்றாகவே இருக்கின்றன. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதற்குப் பிறகு மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. முன்பு திருகோணமலையிலிருந்து மூதூருக்கு இயந்திரப் படகிலோ, பாதைப் படகுகளில் ஏறி இறங்கியோ போன தூரத்தை இப்போது காரில் கடந்துவிடலாம். ஊர்களுக்கிடையே தார் வீதி வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்திப்பது எங்கே? முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் பாடசாலைக்கும் தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கும் சிங்களப் பிள்ளை சிங்களப் பாடசாலைக்கும் போகிறார்கள். முதல் இருவருக்கும் மொழி ஒன்றே. ஆனால் பாடசாலை வேறு.

இசைப் பாடமும் இதே பிளவைப் பின்பற்றுகிறது என்பதைப் பலர் கவனித்ததில்லை. நம் நாட்டுப் பாடத்திட்டத்தில் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம், கீழைத்தேய இசை ஒரு பாடம், மேற்கத்தேய இசை ஒரு பாடம். முதலாவதைத் தமிழ்ப் பாடசாலைகளும் இரண்டாவதைச் சிங்களப் பாடசாலைகளும் எடுத்துக்கொள்கின்றன. மூன்றாவது பெரும்பாலும் நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு நின்றுவிடுகிறது. பல முஸ்லிம் பாடசாலைகளில் சித்திரம்தான் உண்டு, சங்கீதம் இல்லை. ஆக, கிளிவெட்டிப் பிள்ளையும் சேருநுவரப் பிள்ளையும் ஆளுக்கொரு வயலினை எடுத்துக்கொண்டு வந்தாலும், ஒருவர் தரையில் அமர்ந்து சாய்த்துப் பிடிப்பார், சுருதி சேர்ப்பதும் வேறு விதமாக இருக்கும். சேர்ந்து வாசிக்க ஒரு பொது ஏடு அவர்களிடம் இல்லை. ஐந்து கோட்டில் எழுதப்படும் மேற்கத்தேய இசைக்குறிப்பு அவர்களில் யாருடைய சொத்தும் அன்று. அதனாலேயே அது மூவருக்கும் பொதுவாக இருக்க முடியும். நால்வர் இசைக்கு இந்த மண்ணில் ஒரு வேலை உண்டு என்று நான் நினைப்பதற்கு முதற் காரணம் இதுதான்.

அந்த வேலை ஒரு நாளில் நடக்காது. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில், சுனாமிக்குப் பின்னும் போருக்குப் பின்னும், இந்தப் பக்கத்தில் நடந்த எத்தனையோ 'நல்லிணக்கக் கலை நிகழ்ச்சி'களுக்குப் போய்ச் செய்தி எழுதியிருக்கிறேன். காலை எட்டு மணிக்கே பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்துவார்கள். பிரதம அதிதி பத்தரைக்கு வருவார். மாலை, மங்கல விளக்கு, மும்மொழியிலும் பதாகை, ஏழு உரைகள். வந்த கலைஞர்கள் அரை மணி நேரம் வாசிப்பார்கள். மூன்று இனத்துப் பிள்ளைகளையும் கைகோத்து நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். நாலு மணிக்கு வாகனங்கள் புறப்பட்டுவிடும். மறுநாள் நான் எழுதிய செய்தி மூன்று பத்தியில், படத்தோடு வரும். அடுத்த மாதம் அதே ஊருக்குப் போனால் அந்த நிகழ்ச்சியின் சுவடாக எஞ்சியிருப்பது பாடசாலைச் சுவரில் தொங்கும் பதாகை ஒன்றுதான். மழைக்காலத்தில் அதை எடுத்து யாராவது விறகின் மேல் மூடியிருப்பார்கள். அதற்காவது அது பயன்பட்டதே.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டின் தலைநகர் பிராவிடன்ஸ். அங்கே பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த செபாஸ்டியன் ரூத் என்ற இளைஞர் 1997இல் 'கம்யூனிட்டி மியூசிக்வர்க்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். நகரின் வறிய பகுதியில், குடியேறிகளும் கறுப்பின மக்களும் வாழும் தெருக்களில், ஒரு நால்வர் குழு நிரந்தரமாகக் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய கேள்வி. பெரிய அரங்கில் வாசித்துவிட்டு, புண்ணியத்துக்காக அவ்வப்போது சேரிக்குப் போய் வருவது அன்று. அங்கேயே வாழ்வது, அங்கேயே பயிற்சி செய்வது, அங்குள்ள பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்பிப்பது. தெருவைப் பார்த்த கடை ஒன்றை எடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் ஒத்திகை பார்த்தார்கள். பாதையில் போகிறவர்கள் நின்று கேட்கலாம், உள்ளேயும் வரலாம். வளர்ந்த பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடி, சேர்ந்து உண்டு, தங்களைச் சுற்றி நடப்பவற்றைப் பற்றி விவாதித்து, பிறகு வாசிப்பார்கள். 2006இல் 'நியூயோர்க்கர்' இதழில் அலெக்ஸ் ரோஸ் இதைப் பற்றி எழுதினார். 2010இல் ரூத்துக்கு மக்ஆர்தர் விருது கிடைத்தது. அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது.

அந்த அமைப்பைப் பற்றிப் படித்தபோது என்னைக் கவர்ந்தது அந்த விருதன்று. அவர்கள் எதை எண்ணிப் பார்த்தார்கள் என்பதுதான். எத்தனை பிள்ளைகள் பெரிய கலைஞர்களானார்கள் என்ற கணக்கை அவர்கள் முதன்மையாக வைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு பிள்ளையும் ஓர் ஆசிரியரும் பிரியாமல் இருந்தார்களா என்பதைத்தான் பார்த்தார்கள். போர் கடந்த நமது ஊர்களில் பிள்ளைகள் கண்டவர்களோ வந்து போகிறவர்கள்தான். தங்கியவர்களை அவர்கள் அதிகம் கண்டதில்லை.

இலங்கையிலும் இந்தத் திசையில் முயன்றவர்கள் உண்டு. 1975இல் வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரெயு தொடங்கிய 'எல் சிஸ்தேமா' இயக்கத்தைப் பின்பற்றி, போருக்குப் பின் 'த மியூசிக் புரொஜெக்ட்' என்ற அமைப்பு குருநாகல் சிங்களப் பிள்ளைகளுக்கும் முல்லைத்தீவுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மேற்கத்தேய வாத்தியங்களைக் கற்பித்து, இரு பகுதியாரையும் ஒரே குழுவாக அமர்த்தி வாசிக்கவைத்தது. 2011 மார்ச்சில் நோர்வேயின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் முதல் இசை விழா நடந்தது. தமிழ்க் கூத்தும் சிங்கள நாட்டாரரங்கும் வெளிநாட்டுக் குழுக்களும் ஒரே மைதானத்தில் ஆடிப் பாடின. இரண்டும் தேவையானவை. ஆயினும் விழாவில் ஒருவரையொருவர் பார்க்கலாம். வகுப்பில்தான் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கப் பழகலாம்.

தோப்பூரில் இதைச் செய்ய முற்பட்டால் எழக்கூடிய ஒரு கேள்வியை மூடி மறைக்கக் கூடாது. இசைக்கருவிகளைப் பற்றி இஸ்லாமிய அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. சிலர் விலக்குவார்கள், சிலர் ரபான் போன்ற தோற்கருவியை மட்டும் ஏற்பார்கள், சிலர் நோக்கத்தைப் பொறுத்து அனுமதிப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் இதை 'பிற்போக்கு' என்று ஒதுக்கினால் அன்றோடு கதை முடிந்தது. ஒலியின்பத்தை அறியாத மக்கள் அல்லர் இவர்கள். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகள் தமிழுலகம் போற்றும் செல்வம். நாலே அடியில் ஒரு முழுக் காதலை, ஒரு முழுத் துயரைச் சொல்லிவிடும் வடிவம் அது. களிகம்பு ஆட்டத்தின் தாளமும், பக்கீர்களின் பைத்தும், இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் ஒலித்த நாகூர் ஹனீபாவின் குரலும் எங்கள் காதுகளில் இருக்கின்றன. ஆகவே முதலில் பள்ளிவாசல் நிர்வாகத்தினரோடும் பெற்றோரோடும் அமர்ந்து பேச வேண்டும். விரும்பும் குடும்பம் பிள்ளையை அனுப்பட்டும், விரும்பாத குடும்பத்தை யாரும் குறை சொல்ல வேண்டாம். தொழுகை நேரமும் நோன்புக் காலமும் மதிக்கப்பட வேண்டும். அந்தக் கவிகளைப் பாடும் மூதாட்டி ஒருவரை முதலில் பாடச் சொல்லி, வந்த நால்வரும் அமைதியாக இருந்து கேட்டுவிட்டு, பிறகு தங்கள் வில்லை எடுக்கட்டும். இதுவும் நால்வர் இசையின் முறைக்குள் அடங்கியதே.

எதை வாசிப்பது என்பதிலும் சிறிது யோசனை வேண்டும். ஹேடன் நிச்சயம் வேண்டும். அவருடைய நகைச்சுவை குழந்தைகளுக்கு உடனே பிடிபடும். அதோடு 'எஸ்கலாய்' என்ற ஆக்கத்தையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தச் சொல்லுக்கு நீர்ச்சக்கரம் என்று பொருள். எகிப்தின் நூபியப் பகுதியில் தோஷ்கா என்ற ஊரில் பிறந்த ஹம்சா எல் தின் இயற்றியது. அவர் படித்த பொறியியலாளர். அஸ்வான் அணை எழும்பினால் தம் மக்களின் கிராமங்கள் நீரில் மூழ்கும் என்று தெரிந்ததும், வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் எச்சரித்தார். வயலுக்கு நீர் இறைக்கும் சக்கரத்தின் சுழற்சியை இசையாக்கியதுதான் 'எஸ்கலாய்'. சான் பிரான்சிஸ்கோவின் குரோனோஸ் குவார்ட்டெட் அதைத் தன் 1992ஆம் ஆண்டுத் தொகுப்பான 'பீசஸ் ஒஃப் ஆபிரிக்கா'வில் வாசித்திருக்கிறது. தண்ணீரும் வயலும் இடப்பெயர்வும் தெரிந்த ஒரு முஸ்லிம் கிராமத்தவரின் இசை அது. தோப்பூரில் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது என்றே நம்புகிறேன்.

அதே குரோனோஸ் குழு 2015இல் இன்னொரு நல்ல காரியத்தைத் தொடங்கியது. பல நாட்டு இசையமைப்பாளர்களிடம் ஐம்பது புதிய நால்வர் ஆக்கங்களை எழுதுவித்து, இசைக்குறிப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இளங்குழுக்கள் பயில்வதற்கென்றே எழுதப்பட்டவை. இந்துஸ்தானி வயலின் கலைஞர் கலா ராம்நாத்தின் ஆக்கமும் அவற்றில் ஒன்று. இசைக்குறிப்புக்குப் பணம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. மூதூரில் ஒரு தொடர்பாடல் நிலையத்தில் அச்சிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

பணம் வேறிடத்தில் வேண்டும். பிள்ளைகளுக்கு முழு அளவு வயலின் பொருந்தாது. கால், அரை, முக்கால் என்று வயதுக்கேற்ற அளவுகள் உண்டு. பிள்ளை வளர வளரக் கருவி மாற வேண்டும், சிறியது அடுத்த பிள்ளைக்குப் போக வேண்டும். கொட்டியாரக் குடாவின் உப்புக் காற்றுக்கும் வெப்பத்துக்கும் பசை விட்டுப் பலகைகள் பிரியும், நரம்புகள் துருப்பிடிக்கும். பழுது பார்க்க ஆள் வேண்டும். நம் ஊர்த் தச்சர் ஒருவருக்கு இதைப் பழக்கிவிட்டால் அதுவே ஒரு தொழில். செல்லோவின் அடிக்கம்பி சிமெந்துத் தரையில் வழுக்கும். அதற்குத் தேங்காய்ப் பொச்சில் முடைந்த ஒரு துண்டுக் கால்மிதி போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் இரண்டு நாளாவது தவறாமல் வரும் ஆசிரியர் ஒருவருக்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்குச் சம்பளம் வேண்டும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிய தொகையை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்பதே நண்பர்களுக்கு நான் எழுதியதன் சாரம்.

'ஊரில் ஆயிரம் தேவைகள் இருக்க, வயலின் எதற்கு?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். காணிப் பிரச்சினை தீரவில்லை, காணாமற்போனவர்களைத் தேடும் தாய்மாருக்குப் பதில் கிடைக்கவில்லை. இவற்றுக்கு இசை மருந்தாகாது. ஆகும் என்று சொல்பவரை நம்பவும் கூடாது. நீதிக்குப் பதிலாகப் பாட்டைக் கொடுப்பது மோசடி. யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்துக்கொண்டிருந்த வி. லட்சுமிநாராயணா, 1958 கலவரத்தை அடுத்துக் குடும்பத்தோடு சென்னைக்குப் புறப்பட்டார். உலகப் புகழ் பெற்ற எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் அந்த வீட்டுப் பிள்ளைகள். வன்முறை வெடித்தபோது இசை அதைத் தடுக்கவில்லை. இசைதான் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று.

ஆனாலும் இசை வகுப்பால் ஒரு சிறிய காரியம் ஆகும். தோப்பூர், கிளிவெட்டி, சேருநுவர, சம்பூர் ஆகிய நான்கு ஊர்களிலிருந்து ஊருக்கொரு பிள்ளை வந்து வட்டமாக உட்கார்ந்தால், அவர்களில் ஒருவர் வராத நாளில் மற்ற மூவருக்கும் வாசிக்க எதுவும் இருக்காது. 'அந்த ஊர்ப் பிள்ளை இன்னும் வரவில்லையே' என்று மூன்று பிள்ளைகள் வாசலைப் பார்ப்பார்கள். நம் தலைமுறையில் அடுத்த ஊரிலிருந்து யாராவது வந்துவிடுவார்களோ என்று அஞ்சித்தான் வாசலைப் பார்த்தோம்.

நண்பர்களிடமிருந்து இன்னும் முடிவான பதில் வரவில்லை. நால்வரில் ஒருவராவது ஒரு பாடசாலைத் தவணைக் காலம் முழுவதும் தங்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம். அதுவே நல்ல செய்திதான். வருகிறவர் வாடகைக்கு இருக்க மூதூரிலோ தோப்பூரிலோ ஓர் அறை பார்த்துக் கொடுப்பது பெரிய காரியமன்று.